7-வுட்டா, 4-ஹைபிரிட்டா?

கேள்வி: வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறேன், கோல்ஃப் ஆடுகிறேன். வயது 57, உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், வலதுகைக்காரன். ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண், குறைவாக இருந்தால் திறமை அதிகம்) 20. கேரி, அதாவது பந்து காற்றிலேயே போய் விழும் தூரம், டிரைவர் என்ற மிக நீளமான கிளப்பில் 185 மீட்டர், பெரிய தலையுள்ள 5-வுட்டில் 162, மெல்லிய உலோகத் தலையுள்ள 6-அயர்னில் 130. இடையில் இருக்கும் 4-அயர்னும் 5-அயர்னும் எனக்குச் சரிப்படவில்லை. பந்து தாழ்வாகப் போய் கிரீனை (குழி இருக்கும் குட்டைப்புல் பரப்பை) தாண்டி ஓடுகிறது, இல்லாவிட்டால் கிரீனையே எட்டுவதில்லை. அயர்னில் அடித்தால் புல் லேசாகத்தான் பெயரும். மருமகனின் 4-ஹைபிரிட்டை (வுட்டும் அயர்னும் கலந்த கிளப்) வாங்கி அடித்துப் பார்த்தேன். நிறையப் பந்துகள் இடதுபக்கம் வளைந்து போயின. கடையில் 7-வுட் வாங்கச் சொல்கிறார்கள். கூட விளையாடுகிறவர்களோ அது வயதானவர்களின் கிளப் என்கிறார்கள். எங்கள் கோர்ஸில் கிகுயு புல். மகள் ஜோஹன்னஸ்பர்க்கில் இருப்பதால் ஆண்டுக்கு நாலைந்து தடவை அங்கேயும் விளையாடுகிறேன். எதை வாங்கட்டும்?

பதில்: ஐயா, வணக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 21 டிகிரி லாஃப்ட் (பந்தை அடிக்கும் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) உள்ள 7-வுட் வாங்குங்கள், 4-அயர்னைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். 5-அயர்ன் இப்போதைக்கு இருக்கட்டும். பிறகு அதன் இடத்துக்கு 24 அல்லது 25 டிகிரி 5-ஹைபிரிட் ஒன்று வரலாம். 4-ஹைபிரிட் உங்களுக்கு வேண்டாம். காரணம் தெரியாமல் வாங்கினால் கடையில் வேறொன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு கிளப்பிலும் 21 டிகிரி என்று பொறித்திருந்தால் இரண்டும் ஒரே தூரம் போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிப் போகாது. 7-வுட்டின் நீளம் 42 அங்குலத்தை ஒட்டி இருக்கும், அதே லாஃப்ட்டில் ஹைபிரிட் 40 அங்குலம்தான். இரண்டு அங்குலம் கூடினால் கிளப் தலையின் வேகமும் கூடும். வுட்டின் தலை முன்னிருந்து பின்னுக்கு அகலமானது. எடை முகத்தைவிட்டுப் பின்னால், தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் பந்து உயரமாகக் கிளம்பும், சுழற்சியும் கூடுதலாகக் கிடைக்கும். ஹைபிரிட்டில் எடை முகத்துக்கு அருகிலேயே இருப்பதால் பந்து சற்றுத் தாழ்வாக, அயர்னுக்கு நெருக்கமான பாதையில் போகும். உங்கள் வேகத்தில் 7-வுட் 152 மீட்டர் அளவில் விழும், 4-ஹைபிரிட் அதற்கு நாலைந்து மீட்டர் முன்னால் விழும். தூரத்தை வைத்துப் பார்த்தால் 7-வுட்டுக்கு ஈடு 19 டிகிரி 3-ஹைபிரிட், 9-வுட்டுக்கு ஈடு 4-ஹைபிரிட். லாஃப்ட் எண்ணை வைத்து ஒப்பிடுவதால்தான் "ரெண்டும் ஒரே தூரம்தான் போகுது, எதற்கு வாங்கினேன்" என்ற புலம்பல் வருகிறது.

இனி உங்கள் கணக்கு. 162-க்கும் 130-க்கும் நடுவே 32 மீட்டர். அதில் 152-இல் ஒரு 7-வுட்டும் 142 வாக்கில் ஒரு 5-ஹைபிரிட்டும் வந்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு கிளப் என்று படி சீராகிவிடும். 4-ஹைபிரிட் வாங்கினால் அது 147-இல் நிற்கும். மேலே 15 மீட்டர், கீழே 17 மீட்டர். இரண்டு பக்கமும் ஓட்டை. இரண்டு அயர்னை எடுத்து இரண்டு கிளப் வைப்பதால் பையில் 14 என்ற வரம்பும் தாண்டாது.

தூரத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, பந்து கிரீனைத் தாண்டி ஓடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது. உங்கள் கிளப் தலையின் வேகத்தில் 4-அயர்ன் பந்தை உயர்த்தவே உயர்த்தாது. அது விழும் கோணம் 40 டிகிரிக்கும் கீழே இருக்கும். அப்படித் தட்டையாக வரும் பந்து கிரீனில் நிற்காது. முன்னால் இறக்கி உருட்டலாம் என்றால் கிகுயு விடாது. அது கீழே கொடி பின்னி மெத்தைபோல் வளர்கிற புல். கிரீனுக்கு முன்னால் விழுந்த பந்தை அங்கேயே பிடித்து நிறுத்திவிடும். ஓடினால் கிரீனைத் தாண்டுவதும் ஓடாவிட்டால் எட்டாமல் போவதும் இதனால்தான். இரண்டும் ஒரே குறை. உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் பந்துதான் இதற்கு மருந்து, அதைச் சிரமமில்லாமல் கொடுப்பது 7-வுட்.

இதை எந்தக் கருவியும் இல்லாமல் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கிரீனில் நேரடியாக விழுந்த பந்து எந்த இடத்தில் பள்ளம் பறித்திருக்கிறது என்று தேடுங்கள். பள்ளம் கண்ணில் பட்டு, அங்கிருந்து பந்து ஏழெட்டுக் காலடிக்குள் நின்றிருந்தால் இறங்கும் கோணம் போதுமானது. பள்ளமே இல்லாமல், புல் லேசாகச் சிராய்த்த தடம் மட்டும் இருந்து, பந்து பதினைந்து காலடிக்கு அப்பால் கிடந்தால் கோணம் தட்டை. ஒவ்வொரு கிளப்புக்கும் மூன்று நான்கு தடவை இப்படி நடந்து எண்ணினால் போதும், ஸ்கோர் கார்டின் ஓரத்திலேயே குறித்துக்கொள்ளலாம்.

மருமகனின் ஹைபிரிட் இடதுபக்கம் இழுத்ததற்கு உங்கள் ஸ்விங் மீது பழி போட வேண்டாம். அதில் மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, ஹைபிரிட்டின் தலை சிறியது. எடை ஹீல் பக்கம் (தண்டு சேரும் பக்கம்) கூடுதலாக இருப்பதால் முகம் சீக்கிரம் மூடும். பந்து வலதுபக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றே பல மாடல்களில் முகத்தை லேசாக மூடியும் செய்கிறார்கள். இரண்டாவது ஷாஃப்ட்டின், அதாவது கிளப் தண்டின் எடை. எடை பழகாத ஷாஃப்ட்டில் கை முந்திக்கொண்டு திரும்பிவிடும். மூன்றாவது, உங்கள் விஷயத்தில் முக்கியமானது, லை, அதாவது தலை தரையில் உட்காரும்போது தண்டு நிற்கும் சாய்வு. உங்களைவிட உயரமானவருக்குப் பொருந்துகிற கிளப்பை ஐந்தடி ஐந்தில் நிற்கிறவர் பிடித்தால், கை தாழ்ந்து, தலையின் டோ பக்கம் (வெளிமுனை) தரையைவிட்டு எழும்பிவிடும். லாஃப்ட் உள்ள முகத்தில் டோ எழும்பினால் முகம் பார்க்கிற திசையே இடதுபக்கம் திரும்பும். 21 டிகிரி லாஃப்ட்டில் லை 2 டிகிரி நிமிர்ந்திருந்தால் திசை முக்கால் டிகிரி இடதாகும்; 160 மீட்டர் போவதற்குள் அது 2 மீட்டருக்கு மேல் விலகல். மூடிய முகத்தால் வரும் வளைவு அதன்மேல் தனி.

இதையும் சோதிக்க எளிய வழி உண்டு. வெள்ளைப்பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தின் மேல் ஒரு தடித்த நேர்கோடு போடுங்கள். அந்தக் கோடு கிளப் முகத்தைப் பார்த்து, தரைக்குச் செங்குத்தாக நிற்கும்படி பந்தை வைத்து அடியுங்கள். கோடு முகத்தில் பதியும். அதன் மேல்முனை டோ பக்கம் சாய்ந்திருந்தால் அந்தக் கிளப் உங்களுக்கு நிமிர்ந்திருக்கிறது. ஹீல் பக்கம் சாய்ந்தால் படுத்திருக்கிறது. முகத்தின் நடுக்கோட்டுக்கு இணையாகப் பதிந்தால் சரி. ஐந்து பந்து அடித்து, ஒவ்வொன்றுக்கும் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஒரே பந்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். அயர்னைப்போல ஹைபிரிட்டை எளிதில் வளைத்து லை மாற்ற முடியாது. கழுத்தில் திருகி மாற்றும் ஹோசல் இருந்தால் கொஞ்சம் இடம் உண்டு. ஷாஃப்ட்டை அரை அங்குலம் வெட்டினால் ஏறக்குறைய 1 டிகிரி படுத்ததுபோல் நடந்துகொள்ளும். ஆனால் வெட்டியதும் தலை கையில் லேசாகத் தோன்றும். அரை அங்குலத்துக்கு 6 கிராம் அளவில் ஈயப் பட்டை தலையின் அடியில் ஒட்டினால்தான் பழைய கனம் திரும்பும். வெட்டிக் கொடுக்கிற பல இடங்களில் இந்தப் பட்டையை ஒட்டாமலே அனுப்பிவிடுகிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

புல் லேசாகத்தான் பெயரும் என்று எழுதியிருக்கிறீர்கள். இது ஒன்றே எனக்குப் பாதி விடை. கிளப் தலை தரையை ஒட்டி வழித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு வுட் சுலபமாக வரும். அகன்ற அடிப்பாகம் புல்மேல் வழுக்கிக்கொண்டு போகும். மேலிருந்து கொத்துகிற மாதிரி இறக்கி, அயர்னில் தட்டு அளவுக்கு மண்ணைப் பெயர்ப்பவர்களுக்கு வுட்டின் அகலம் தடங்கல். அவர்களுக்கு ஹைபிரிட்தான் சரி. ஸ்விங்கை மாற்றிக்கொண்டால் எதையும் அடிக்கலாம் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்டுக் குழம்பாதீர்கள். உங்கள் ஊரில் ஒரு கோல்ஃப் கோர்ஸே பாப்வா சியூகோலும் பெயரில் இருக்கிறது. மற்றவர்களின் கோல்ஃப் பையைச் சுமக்கும் கேடி (caddie) வேலை பார்த்துக்கொண்டே தானே கற்றுக்கொண்டவர், இடதுகையை வலதுகைக்குக் கீழே வைத்து, எல்லோருக்கும் தலைகீழான பிடியில் அடித்தவர். அதே பிடியோடு டச்சு ஓப்பன் போட்டியை 1959, 1960, 1964 என மூன்று முறை வென்றார். டர்பனில் 1963-இல் நேட்டால் ஓப்பனை வென்றபோது, நிறவெறிச் சட்டத்தைக் காட்டி கிளப் கட்டடத்துக்குள் விடாமல், மழையில் வெளியே நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். 57 வயதில் உங்கள் உடம்புக்கு வருகிற வழியில் அடியுங்கள். அதற்குப் பொருந்துகிற கிளப்பைத் தேடுவதுதான் நியாயம்.

வயதானவர்களின் கிளப் என்ற பேச்சுக்கு ஒரு வரி போதும். 2020 நவம்பரில் மாஸ்டர்ஸ் போட்டியை வென்ற டஸ்டின் ஜான்சனின் பையில் 7-வுட் இருந்தது. அப்போது அவர் உலகின் முதல்நிலை ஆட்டக்காரர்.

இனி கிகுயு. ஃபேர்வேயில் (குட்டையாக வெட்டிய ஆட்டப் பாதையில்) இந்தப் புல் பந்தைத் தூக்கிக் கொடுக்கும், அடியில் விரல் நுழையும் அளவுக்கு இடம் இருக்கும். 7-வுட்டுக்கு இதைவிட வசதியாகப் பந்து கிடக்காது. ரஃப்பில் (ஓரத்து நெடும்புல்லில்) நிலைமை வேறு, அங்கே பந்து எப்படிக் கிடக்கிறது என்று குனிந்து பார்க்காமல் கிளப்பை உருவக்கூடாது. பந்து புல்லின் நுனியில் மிதந்துகொண்டிருந்தால் வுட்டும் போகும், ஆனால் தலையைத் தரையில் அழுத்தி வைக்காதீர்கள். அழுத்தினால் பந்து அசையலாம், கிளப் பந்துக்கு அடியில் புகுந்து முகத்தின் மேல்விளிம்பில் பட்டு 100 மீட்டரில் விழவும் செய்யும். தலையைப் பந்தின் நடு உயரத்தில் மிதக்கவிட்டுப் பிடித்து அடியுங்கள். பந்தின் பாதி புல்லுக்குள் இறங்கியிருந்தால் வுட்டை மறந்துவிடுங்கள். அதன் அகன்ற முகத்துக்கும் பந்துக்கும் நடுவே புல் நிறையச் சிக்கும். கொடிகள் ஹோசலைப் பிடித்துக்கொள்ள, முகம் மூடி, பந்து முப்பது நாற்பது மீட்டர் இடதுபக்கம் உருளும். இங்கேதான் ஹைபிரிட் தன் விலையைத் திருப்பித் தருகிறது. சின்னத் தலை, குறுகிய ஷாஃப்ட், சற்றுச் செங்குத்தாக இறங்கும் பாதை. புல்லை வெட்டிக்கொண்டு போய்விடும். 5-ஹைபிரிட்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளச் சொன்னதற்கு முதல் காரணம் இதுதான். முழுக்கப் புதைந்திருந்தால் இரண்டும் வேண்டாம், 8-அயர்னால் ஃபேர்வேக்கு எடுத்துவிடுங்கள்.

குளிர்காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, ஜோஹன்னஸ்பர்க் பக்கம் உறைபனியில் கிகுயு காய்ந்து பழுப்பாகிவிடும். தரை இறுகி, பந்து வெறும் மண்ணில் கிடப்பதுபோல் கிடக்கும். அப்படிக் கிடக்கும்போது வுட்டின் அகன்ற அடி தரையில் மோதித் துள்ளி, முகத்தின் கீழ்விளிம்பு பந்தின் வயிற்றில் படும். பந்து தரையோடு ஓடும். அங்கே பந்தை அரைப் பந்து அளவு பின்னால் தள்ளி வைத்து, கிளப்பை 2 சென்டிமீட்டர் இறக்கிப் பிடித்து அடித்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,750 மீட்டர். காற்றின் அடர்த்தி டர்பனைவிட 15 சதவீதத்துக்கும் மேல் குறைவு. பந்து 8 முதல் 10 சதவீதம் கூடுதலாகப் போகும் என்பார்கள். உங்கள் வேகத்துக்கு அதைவிடக் குறைவாக, 6 அல்லது 7 சதவீதத்தைக் கணக்கில் வையுங்கள். எல்லோரும் தூரத்தை மட்டுமே பேசுகிறார்கள். மெல்லிய காற்று பந்தைத் தூக்குவதும் குறைவு என்பதை யாரும் சொல்வதில்லை. சுழற்சி அதேதான், ஆனால் அது கொடுக்கிற ஏற்றம் குறைவதால் பந்து இங்கே போவதைவிடத் தாழ்வாகப் போய், தட்டையாக இறங்கும். டர்பனில் கிரீனில் நிற்கிற பந்து அங்கே ஓடிப்போகும். அதனால் மகள் வீட்டுக்குப் போகும்போது லாஃப்ட் உள்ள வுட்டின் பயன் கூடுகிறது. அங்கே 7-வுட்டை 162 என்று வைத்து அடித்துப் பாருங்கள்.

டர்பனில் இதற்கு எதிரான சிக்கல் காற்று. வடகிழக்குக் காற்றோ தென்மேற்குக் காற்றோ எதிரே வீசும்போது, சுழற்சி கூடிய பந்து மேலே ஏறி, நின்று, முன்னால் போகாமல் கீழே விழும். அந்த நேரத்தில் ஓங்கி அடித்தால் சுழற்சி இன்னும் கூடி நிலைமை மோசமாகும். ஒரு கிளப் கூட எடுத்து, இறக்கிப் பிடித்து, முக்கால் ஸ்விங்கில் நிறுத்துங்கள். 7-வுட் தேவைப்படும் தூரத்துக்கு 5-வுட்டை 2.5 சென்டிமீட்டர் இறக்கிப் பிடித்தால் நாலைந்து மீட்டர் குறைந்து, பந்தும் தாழ்ந்து போகும். மரக்கிளைக்கு அடியில் நுழைக்க வேண்டிய இடத்திலும் ஹைபிரிட்டுக்குத்தான் முதலிடம்.

பந்தை எங்கே வைப்பது? 7-வுட்டுக்கு இடது குதிகாலிலிருந்து ஒன்றரைப் பந்து உள்ளே. ஹைபிரிட்டுக்கு அதைவிட ஒரு பந்து பின்னால், நடுவுக்குச் சற்று முன்னே. பந்தைத் தூக்க முயலாதீர்கள், தூக்குவது லாஃப்ட்டின் வேலை. இரண்டிலும் கிளப் பந்தைத் தொட்ட பிறகு புல்லை உரச வேண்டும். ஹைபிரிட்டை வுட் மாதிரி வழித்து அடிக்கப்போய்ப் பந்தின் தலையில் தட்டுவது மிகப் பரவலான தவறு. பார்-3 (மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி) தொடக்கத்தில் 7-வுட் எடுத்தால் பந்தைத் தாங்கும் டீ குச்சி தரைக்கு மேல் அரை சென்டிமீட்டருக்குமேல் தெரியக்கூடாது. உயர்ந்தால் தலையின் மேல்பக்கத்தில் வெள்ளைக் கீறல் விழும், பந்தும் வானத்துக்குப் போகும்.

கடையில் கவனிக்க வேண்டியவை. 7 என்ற எண்ணை நம்பாதீர்கள். ஒரு தயாரிப்பில் அது 20 டிகிரி, இன்னொன்றில் 22. உங்கள் 5-வுட் 18 டிகிரியா 19-ஆ என்று முதலில் பார்த்துவிட்டு, அதிலிருந்து குறைந்தது 3 டிகிரி தள்ளி வாங்குங்கள். ஷாஃப்ட்டின் எடையும் வளைவும் 5-வுட்டில் இருப்பதுபோலவே இருக்கட்டும், கூடினாலும் 5 கிராமுக்குள். பின்னால் வாங்கும் ஹைபிரிட்டின் ஷாஃப்ட் வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட எடையாக இருக்க வேண்டும். உங்களுக்கு 70 முதல் 75 கிராம் கிராஃபைட் பொருந்தும். பழைய வுட்டின் ஷாஃப்ட்டை ஹைபிரிட்டில் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். வுட் ஷாஃப்ட்டின் நுனி 0.335 அங்குலம், ஹைபிரிட்டுக்கு 0.370, துளைக்குள் ஆடும். திருகும் ஹோசல் உள்ளதாக இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். லாஃப்ட்டைக் கூட்டினால் முகம் கொஞ்சம் மூடும், குறைத்தால் திறக்கும். இடதுபக்கம் இழுப்பு உள்ள உங்களுக்கு 20 டிகிரி தலையை 21.5-க்குத் திருகி வைப்பது நல்லதல்ல. 21 டிகிரி தலையை நடுநிலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சோதித்துப் பார்ப்பதைப் பயிற்சி ரேஞ்சின் செயற்கைப்புல் விரிப்பில் செய்யாதீர்கள். பந்துக்கு 3 சென்டிமீட்டர் பின்னால் தரையில் பட்டாலும் விரிப்பில் கிளப் வழுக்கி வந்து பந்தை நன்றாகவே அடித்துவிடும். புல்லில் அதே அடி பாதித் தூரம்கூடப் போகாது. விரிப்பில் எல்லாக் கிளப்பும் நல்ல கிளப்தான். புல்லில், உங்கள் சொந்தப் பந்தால், 7-வுட்டும் 19 டிகிரி 3-ஹைபிரிட்டும் பத்துப் பத்து அடியுங்கள். கிளப் முகத்தில், பாதத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவினால் பந்து பட்ட இடம் தெரியும். நீளமான ஒரே அடியை நினைவில் வைத்துக்கொண்டு வாங்குவதுதான் வழக்கம், அது ஏமாற்றும். மோசமான மூன்றைப் பாருங்கள்: அவை எவ்வளவு குறைந்தன, எந்தப் பக்கம் போயின. 7-வுட்டின் மோசமான மூன்றும் 135 மீட்டரைத் தாண்டி, நடுக்கோட்டுக்கு 20 மீட்டருக்குள் விழுந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பவுடர் தடம் எல்லாம் ஹீல் பக்கமே விழுந்தால் ஷாஃப்ட் நீளம் அதிகம், 41.5 அங்குலத்தில் கேளுங்கள்.

வாங்கியதும் நாலைந்து ரவுண்டு 4-அயர்ன் இல்லாமல் ஆடிவிட்டு, 7-வுட்டும் 5-அயர்னும் உண்மையில் எத்தனை மீட்டரில் விழுகின்றன, கிரீனில் பள்ளத்திலிருந்து எத்தனை காலடி ஓடுகின்றன என்று எழுதி அனுப்புங்கள். அந்த எண்களை வைத்து 5-ஹைபிரிட்டுக்கு 24-ஆ 25-ஆ என்று சொல்கிறேன்.